மூன்று பெயர் தாங்கிய பளுவீரர்

விளையாட்டு வகைகளுள் ஐயத்திற்கு மிகக் குறைந்த இடமுடையது பளுத்தூக்கலே எனலாம். பந்தாட்டத்தில் எதிரியின் பிழை நமக்கு வெற்றியாய் முடிதல் உண்டு. ஓட்டத்தில் காற்றும் துணைசெய்தல் உண்டு. இரும்புத் தண்டின்முன் தனித்து நிற்பவனுக்கோ அவ்விதத் துணை யாதொன்றும் இல்லை. தண்டு தலைக்குமேல் நிற்கும். அல்லது நிலத்தில் வீழும். இத்தகைய விளையாட்டில் ஒப்பாரின்றி விளங்கிய ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் பல்கேரியா நாட்டில் பிறந்து, அந்நாட்டின் கொடியின்கீழ் உலகப் பட்டம் வென்று, பின்னர் அந்நாட்டைத் துறந்து, துருக்கி நாட்டிற்காக மும்முறை ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்றவர். பந்தயப் பதிவுகளைப் புரட்டுவோர் அவரை ஒரு பெயரில் தேடினால் முழுதும் காணமாட்டார். நயீம் சுலைமானோவ், நாவும் ஷலமானோவ், நயீம் சுலைமானோலு என மூன்று பெயர்கள் அங்கே உள்ளன. மூன்றும் ஒருவரையே குறிப்பன. ஒருவருக்கு மூன்று பெயர் வந்தவாறு எங்ஙனம் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

வரலாற்றினுள் நுழையுமுன், இவ்விளையாட்டின் முறையை மாணவர் அறிந்துகொள்ளுதல் நலம். பந்தயத்தில் தூக்கும் வகை இரண்டு. நிலத்திற் கிடக்கும் தண்டை இரு கைகளையும் அகலப் பற்றி, இடையில் எங்கும் நிறுத்தாமல் ஒரே வீச்சில் தலைக்குமேல் கொண்டுபோய் நிறுத்துவது ஒன்று; அதனை ஸ்நாட்ச் என்பர். தண்டை முதலில் தோளளவு ஏற்றி, எழுந்து நின்று, பின்னர்க் கால்களின் விசையால் மேலே எறிந்து கைகளை நீட்டி ஏந்துவது மற்றொன்று. அதனைக் கிளீன் அண்டு ஜெர்க் என்பர். 1972-ஆம் ஆண்டுவரை தோளினின்று கைவலியால் மட்டும் உயர்த்தும் மூன்றாம் வகையும் ஒன்றிருந்தது; நடுவர்கள் அதனைச் செவ்வையாகத் தீர்ப்பிடல் அரிதாயிருந்தமையால் அது நீக்கப்பட்டது. வகை ஒன்றுக்கு ஒவ்வொரு வீரருக்கும் மூன்று முயற்சிகள் உண்டு. இரண்டிலும் தூக்கிய மிகுந்த எடைகளைக் கூட்டி வரும் மொத்தமே வெற்றியை முடிவுசெய்யும். தண்டின் எடை ஏறுமேயன்றி இறங்காது. ஆகவே குறைந்த எடை கேட்டவர் முன்னும், மிகுந்த எடை கேட்டவர் பின்னும் மேடை ஏறுவர். பின்னே ஏறுபவர் தமக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுக் கேட்கலாம். கணக்கு முழுதும் கைக்கெட்டினும் தோளுக்கு எட்டுமோ என்பதுதான் வினா. இவ்விதியை மனத்திற் கொண்டாலன்றிப் பின்னே நாம் சொல்லப்போகும் அட்லாண்டா நிகழ்ச்சியின் சுவை விளங்காது.

பல்கேரியாவின் தென்பகுதியில் ரொதோப்பி மலைத்தொடரின் கீழ்ப்பாகத்தே கர்ஜலி என்னும் மாவட்டம் உளது. அங்கே வாழ்வோருள் பெரும்பாலார் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள். பல்கேரியா பதினான்காம் நூற்றாண்டின் இறுதி முதல் 1878-ஆம் ஆண்டுவரை உதுமானியத் துருக்கர் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சி ஒழிந்த பின்னும் அம்மக்கள் தம் வயல்களையும் மசூதிகளையும் விட்டகலாது அங்கேயே தங்கிவிட்டனர். அம்மாவட்டத்தில் ப்திச்சார் என்னும் சிற்றூரில் 1967-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் நயீம் பிறந்தார். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. பெற்றோர் இருவருமே குறுகிய உருவினர். மைந்தரும் வளர்ந்து முடிந்தபோது 147 சென்டிமீட்டர், அதாவது நான்கடி பத்தங்குலம் அளவே இருந்தார். பளுத்தூக்கலில் குறுமை குறையன்று. தண்டு ஏறவேண்டிய தொலைவு குறைவாதலின் அது ஒருவகைப் பேறே ஆகும். ஆயினும் குறுகியோர் யாவரும் நயீம் ஆகிவிடவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்காலத்துப் பல்கேரியா பளுத்தூக்கலில் ஒரு தனிநெறி வகுத்துக்கொண்டிருந்தது. அதனை வகுத்தவர் இவான் அபாஜியெவ் என்பவர். தாமும் 1957-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றவர். அவர் தலைமைப் பயிற்சியாளராய் அமர்ந்த சில ஆண்டுகளுக்குள், 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் அந்நாடு மூன்று பொற்பதக்கமும் மூன்று வெள்ளிப்பதக்கமும் பெற்றது. அதுவரை பளுத்தூக்கலில் ஒரு பொன்னும் காணாத நாடு அது. சோவியத் நாட்டாரின் பயிற்சி முறையில் பலவகைப் பயிற்சிகளும், எடை கூடுவதும் குறைவதுமான பருவங்களும் உண்டு. அபாஜியெவ் அவற்றைப் பெரும்பாலும் தள்ளிவிட்டார். பந்தயத்தில் தூக்கும் இரு வகைகள், தோளிற் பளுவைத் தாங்கி அமர்ந்தெழுதல் ஆகிய இவற்றையே நாள்தோறும், ஒரு நாளிற் பலமுறை, அன்றன்று இயலும் உச்ச எடைவரை தூக்குமாறு வீரர்களை ஏவினார். கூட்டினுள் அடைபட்ட முயல் புலியைக் கண்டால் எப்படித் துள்ளுமோ அப்படியே உடலும் ஓயாத நெருக்கடியில் தன்னைப் பழக்கிக்கொள்ளும் என்பது அவர் கொள்கையின் சாரமென்று நாம் கருதுகிறோம். தாங்கியவர் உலக வீரரானார். தாங்காதவர் பெயர் தெரியாமல் வீடு திரும்பினர். அவரைக் கசாப்புக்காரர் என்று அழைத்தவரும் உண்டு. இம்முறையைப் புகழ்வோர் ஊக்கமருந்துக் கறையை மறைத்துப் புகழ்தல் நேர்மையன்று. 1988-ஆம் ஆண்டு சியோல் நகரில் பல்கேரிய வீரர் இருவர் பெற்ற பொற்பதக்கங்கள் சோதனைக்குப்பின் பறிக்கப்பட்டன. அக்குழு இடையிலேயே போட்டியை விட்டு விலகிற்று. 2000-ஆம் ஆண்டு சிட்னியிலும் அந்நாட்டார் மூவர் பதக்கம் இழந்தனர்.

இத்தகைய உலைக்களத்தில் பத்து வயதளவிலே புகுந்தவர் நயீம். 1983-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், முதியோர்க்குரிய உலகச் சாதனையையே முறியடித்தார். அவ்வாண்டு மாஸ்கோவில் நிகழ்ந்த உலகப் போட்டியில் 56 கிலோ பிரிவில் இரண்டாமிடம் பெற்றார். அதே போட்டியில் அவர் நாட்டினரான ஸ்தெபான் தொப்புரோவ் 60 கிலோ பிரிவில் நின்று 180 கிலோ எடையைத் தலைக்குமேல் தூக்கினார். தன் உடலெடையின் மும்மடங்கைத் தூக்கியவருள் உலகில் அவரே முதல்வர். மறு ஆண்டே இரண்டாமவராய் அவ்வரிசையிற் சேர்ந்தவர் நயீம். அவ்வாண்டு லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் நடந்தது. சோவியத் நாடும் அதன் தோழமை நாடுகளும் அதனைப் புறக்கணித்தமையால் பல்கேரியர் எவரும் அங்குச் செல்லவில்லை. அதற்கு ஈடாக அந்நாடுகள் தம்முள் நடத்திய போட்டியில், வார்னா நகரில், நயீம் தூக்கிய மொத்தம் லாஸ் ஏஞ்சலஸில் அப்பிரிவில் பொன் பெற்றவரின் மொத்தத்தைக் காட்டிலும் மிகப் பெரிது. அரசியலார் வகுத்த கோட்டினால் பதினேழு வயது இளைஞர் ஒருவர் தமக்குரிய பதக்கத்தை இழந்தார். இது முதல் இழப்பு. அடுத்தது இதனினும் பெரிது.

1984-ஆம் ஆண்டின் இறுதியில், பனிக்காலத்தில், தொதோர் ஷிவ்கோவ் தலைமையிலிருந்த பொதுவுடைமை அரசு தன் நாட்டிலுள்ள துருக்கியர் யாவரும் உண்மையில் பல்கேரியரே என்றும், முன்னோர் காலத்தில் மதமும் மொழியும் மாற்றப்பட்டவர் என்றும் ஒரு கொள்கையை நாட்டி, ஏறக்குறைய எட்டு லட்சம் மக்களின் பெயர்களை மாற்றத் தொடங்கிற்று. படைவீரர் ஊர்களைச் சூழ்ந்துகொள்ள, அதிகாரிகள் பெயர்ப்பட்டியலை நீட்ட, மக்கள் அதிலிருந்து ஒரு பெயரைப் பொறுக்கிக் கையெழுத்திட்டனர். துருக்கி மொழியைப் பொதுவிடத்திற் பேசுதல் தடுக்கப்பட்டது. கல்லறைகளிற் பொறித்த பெயர்களும் தப்பவில்லை. மொம்சில்கிராத் முதலிய இடங்களில் எதிர்த்துக் கூடியவர்கள்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது; உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. நயீம் வளர்ந்த ஊர் அந்த மொம்சில்கிராத்தே.

உலகப் புகழ் பெற்ற வீரர் என்பதற்காக நயீமுக்கு விலக்கு அளிக்கப்படவில்லை. அவர் நாவும் ஷலமானோவ் ஆக்கப்பட்டார். இப்பெயரைச் சற்று ஆராய்தல் தகும். நயீம் என்பது அரபுச் சொல். பேரின்பம் என்னும் பொருளது. நாவும் என்பது நம் வேதாகமத்தில் நாகூம் என வழங்கும் தீர்க்கதரிசியின் பெயர். ஆறுதல் என்னும் பொருளது. பல்கேரியத் திருச்சபையார் போற்றும் அடியார் ஒருவருக்கும் அப்பெயர் உண்டு. ஆக, கடவுள் இல்லை என்று பறைசாற்றிய ஓர் அரசு, திருமுழுக்கின்றிக் காவலரைக் கொண்டு ஒரு முஸ்லிம் இளைஞருக்குக் கிறிஸ்தவப் பெயர் சூட்டியது. அதனைக் கிறிஸ்தவர் எவரும் தம் மதத்திற்குக் கிடைத்த வெற்றியாய்க் கொள்ளார். மனமின்றி இடப்பட்ட பெயர், எத்துணைத் தூயதாயினும், விலங்கேயாம்.

அவ்விலங்கோடே அவர் 1985-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டிலும், 1986-ஆம் ஆண்டு தம் நாட்டுத் தலைநகராகிய சோபியாவிலும் 60 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றார். மேடையில் அழைக்கப்பட்ட பெயர் ஷலமானோவ். அவ்விரண்டாண்டின் பதிவுகளில் இன்றும் அப்பெயரைக் காணலாம். ஒவ்வொரு வெற்றியும் அப்பெயரை உலகெங்கும் பரப்பிற்று. தூக்கத் தூக்க அரசின் பொய்க்கு வலிமை கூடிற்று என்பதை எண்ணுங்கால், அந்நாட்களில் அவர் தாங்கியது இரும்பு மட்டுமன்று என்பது விளங்கும்.

1986-ஆம் ஆண்டு டிசம்பரில் உலகக் கோப்பைக்கான இறுதிப் போட்டி ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் நடந்தது. நயீம் அதிலும் வென்றார். போட்டி முடிந்தபின் நடந்த விருந்தினிடையே எவரும் அறியாவண்ணம் வெளியேறினார். அந்நகரிலிருந்த துருக்கியர் சிலர் அவரைச் சில நாள் மறைத்து வைத்தனர். பின்னர்த் துருக்கி நாட்டுப் பிரதிநிதிகளிடம் சரண் புகுந்து, இலண்டன் சேர்ந்து, அங்கே துருக்கிப் பிரதமர் துர்குத் ஓசால் அனுப்பிய தனி விமானத்தில் அங்காரா வந்திறங்கினார். இறங்கியவுடன் குனிந்து நிலத்தை முத்தமிட்டார் என்பர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. பெற்றோர் பல்கேரியாவிலேயே இருந்தனர். அவர்களை எந்நாளிற் காண்போம் என்று அறியாமலே அவர் அவ்வடி எடுத்துவைத்தார். இதனை நினையாதவர், பரிசும் வீடும் கிடைத்தமையை மட்டும் எடுத்துச்சொல்லி அவரை வாணிகராக்கிப் பேசுவர். அப்பேச்சை நாம் ஏற்பதற்கில்லை.

துருக்கி வந்தபின் அவர் கொண்ட பெயர் சுலைமானோலு. ஓலு என்பது துருக்கி மொழியில் மகன் என்பதாம். சுலைமான் நாம் சாலொமோன் என்று அழைக்கும் பெயரே. பல்கேரியப் பதிவில் பிறப்பிலிருந்து இருந்த சுலைமானோவ் என்பதிலும் ஈறு சிலாவியம். அதனையும் களைந்து தம் தாய்மொழி ஈற்றைச் சேர்த்துக்கொண்டார்.

ஆயினும் ஒலிம்பிக் விதி ஒன்று குறுக்கே நின்றது. நாடு மாறிய வீரர், பழைய நாடு இசைந்தாலன்றி, குறித்த காலம் கழியாமல் புதிய நாட்டின் சார்பில் ஒலிம்பிக்கிற் புகலாகாது. பல்கேரியாவின் இசைவைத் துருக்கி பணங்கொடுத்துப் பெற்றது. அத்தொகை பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்டதென்று கூறப்படுகிறது. பெயரைப் பறித்த அரசே பின்பு ஆளை விலைக்கு விட்டது.

1988-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் சியோல் நகரில் 60 கிலோ பிரிவுப் போட்டி. ஸ்நாட்சில் நயீம் 145, 150.5, 152.5 கிலோ என மூன்றையும் தூக்கினார். கடைசியது அவர் நின்ற பிரிவின் எடையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்டது. ஸ்நாட்சில் அவ்வளவு உயர்ந்த மடங்கை அவருக்குமுன் எவரும் எட்டியதில்லை. இரண்டாம் வகையில் 175 கிலோவில் தொடங்கினார். அது மேலேறிய அளவில் மொத்தம் 327.5 ஆயிற்று. வெள்ளி பெற்றவரின் மொத்தம் 312.5 ஆதலால் பொன் அப்போதே கைவந்துவிட்டது. பிறரெனின் அத்துடன் மேலங்கியைப் போர்த்துக்கொண்டு அமர்ந்திருப்பர். அவரோ பதின்மூன்றரைக் கிலோ கூட்டி 188.5 கேட்டார், தூக்கினார். பின் 190 கேட்டார், அதனையும் தூக்கினார். ஆறு முயற்சியும் பழுதின்றி முடிந்தன. மொத்தம் 342.5 கிலோ. அடுத்த பெரிய பிரிவாகிய 67.5 கிலோப் பிரிவில் அவ்வாண்டு பொன் பெற்றவரின் மொத்தம் 340 கிலோ என்பதைக் காணுங்கால், இச்செயலின் அளவு புலனாகும். துருக்கிக்கு இருபதாண்டுகளுக்குப் பின் கிடைத்த ஒலிம்பிக் பொன் அது. மற்போரிலன்றி வேறு விளையாட்டில் அந்நாடு பெற்ற முதற் பொன்னும் அதுவே. வெள்ளி பெற்று அருகில் நின்றவர் பல்கேரியாவின் ஸ்தெபான் தொப்புரோவ். உடலெடையின் மும்மடங்கு தூக்கிய முதல்வரும் இரண்டாமவரும் ஒரே பயிற்சிக் கூடத்தில் வளர்ந்து, இரு கொடிகளின்கீழ் ஒரே மேடையில் நின்றனர்.

மறு ஆண்டில் பல்கேரிய அரசு எல்லையைத் திறந்துவிட்டது. 1989-ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்டு வரை மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட துருக்கியர் மூட்டை முடிச்சுகளுடன் துருக்கிக்குப் பெயர்ந்தனர். நவம்பரில் ஷிவ்கோவ் பதவியினின்று வீழ்ந்தார். அவ்வாண்டின் முடிவிலேயே பறித்த பெயர்களைத் திருப்பித் தருவதாகப் புதிய தலைவர்கள் அறிவித்தனர். இம்மாறுதல்களுக்கு நயீமின் ஓட்டமே காரணம் என்று சிலர் எழுதுவது மிகைக்கூற்று. பொதுவுடைமை அரசுகள் பல அவ்வாண்டிற் சரிந்தன; ஊர் ஊராய் எதிர்த்து நின்ற எளிய மக்களின் பங்கையும் மறத்தலாகாது. ஆனால் கர்ஜலி என்னும் பெயரையே கேட்டறியாத பலருக்கு அங்கே நடந்ததை அறிவித்தவர் அவரே என்பதில் ஐயமில்லை.

1989, 1991-ஆம் ஆண்டுகளிலும் அவர் உலகப் பட்டம் பெற்றார். இடையே சிறிது காலம் ஓய்ந்திருந்தார். 1992-ஆம் ஆண்டு பார்சிலோனாவில் 320 கிலோ தூக்கி இரண்டாம் ஒலிம்பிக் பொன்னைப் பெற்றார். அங்கே வெள்ளி பெற்றவர் பல்கேரியாவின் நிக்கோலாய் பெஷலோவ். 1993-ஆம் ஆண்டு உலகப் போட்டி, தாம் தப்பிச் சென்ற அதே மெல்போர்ன் நகரில் நிகழ, அங்கும் 64 கிலோ என்னும் புதிய பிரிவில் வென்றார். 1994, 1995-ஆம் ஆண்டுகளிலும் பட்டம் அவரதே. ஆக உலகப் பட்டங்கள் ஏழு.

இனி அட்லாண்டா. 1996-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள். எதிரி கிரேக்க நாட்டு வலேரியோஸ் லியோனிதிஸ். அவரும் சோவியத் நாட்டிற் பிறந்து முன்னோர் நாட்டிற்கு வந்தவர். துருக்கரும் கிரேக்கரும் பழம்பகை உடையவர் ஆதலால் அரங்கில் ஒரு பாதி ஒருவருக்கும் மறுபாதி மற்றவருக்குமாக ஆரவாரித்தது. ஸ்நாட்சில் நயீம் 147.5, லியோனிதிஸ் 145. இரண்டரைக் கிலோ வேற்றுமையோடு இரண்டாம் வகை தொடங்கிற்று. நயீம் 185 கிலோ தூக்கினார். அஃது உலகச் சாதனை. சில நிமிடங்களே அது நின்றது. லியோனிதிஸ் 187.5 கிலோ தூக்கி அதனை முறித்தார். இப்போது இருவர் மொத்தமும் 332.5 எனச் சமமாயின. நயீமுக்கு எஞ்சியது ஒரு முயற்சி. எதிரி தூக்கிய அதே 187.5 கிலோவைக் கேட்டு மேடை ஏறினார். வயது இருபத்தொன்பது, தோளிலும் முதுகிலும் பழங்காயங்கள். தூக்கினார், மொத்தம் 335. லியோனிதிஸுக்கும் இன்னும் ஒரு முயற்சி இருந்தது. நயீமை எட்ட 190 கிலோ வேண்டும். அதுவரை அப்பிரிவில் எவரும் தூக்காத எடை அது. அவர் தயங்காமல் அதனையே கேட்டார். தண்டு மேலே நிற்கவில்லை. பளுத்தூக்கலில் மூன்று ஒலிம்பிக் பொன் பெற்ற முதல் மனிதர் நயீம் ஆனார். அப்போட்டியில் தோற்றவர் எவரும் இல்லை என்று கூறுதல் வழக்கம். நாம் அவ்வாறு கூறோம், லியோனிதிஸ் தோற்றார். உலகச் சாதனை செய்த அன்றே தோற்பது எத்துணை அரிய பெருமை என்பதை மட்டும் கூறுவோம்.

அவர் அத்துடன் நின்றிருக்கலாம். 2000-ஆம் ஆண்டு சிட்னிக்கு மீண்டும் வந்தார். 62 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் 145 கிலோ கேட்டு மூன்று முயற்சியிலும் தவறி வெளியேறினார். தொடக்கத்திற்கு அவ்வளவு கேட்டது செருக்கென்பர் சிலர். குறைந்த எடை கேட்டு வெண்கலம் பெறுவதற்காக அவர் அங்கு வரவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அன்று பொன் பெற்றவர் யார் எனின், பார்சிலோனாவில் அவருக்குப் பின்னின்ற பெஷலோவ்! அவர் அப்போது பல்கேரியாவை விட்டுக் குரோவேஷியாவின் வீரராகியிருந்தார். அதே ஒலிம்பிக்கில் ஆஞ்செல் போப்போவ் என்னும் பல்கேரியர் சயீத் சயீப் அசாத் என்று அரபுப் பெயர் பூண்டு கத்தார் நாட்டிற்கு வெண்கலம் பெற்றுத் தந்தார். பதினைந்தாண்டுகளுக்கு முன் முஸ்லிமுக்குச் சிலாவியப் பெயர். இப்போது சிலாவியருக்கு முஸ்லிம் பெயர். முன்னையது வன்முறையால் வந்தது. பின்னையது உடன்படிக்கையால் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுதல் தகாது.

நயீமின் வழியே சென்றவர்களுள் ஹலீல் முத்லு தலையானவர். அவரும் கர்ஜலி மாவட்டத்தார். அவருக்கும் ஹூபென் ஹூபெனோவ் என்ற பெயர் சுமத்தப்பட்டிருந்தது. துருக்கிக்கு வந்து 1996, 2000, 2004-ஆம் ஆண்டுகளில் அவரும் மூன்று ஒலிம்பிக் பொன் பெற்றார்.

விளையாட்டை விட்டபின் நயீம் அரசியலிற் புகுந்து தேர்தல்களில் நின்றார். மக்கள் அவரைக் கொண்டாடினரேயன்றி வாக்களிக்கவில்லை. உடல்நலத்தைப் பேணினாரல்லர். போட்டிக் காலத்திலேயே புகைபிடிக்கும் வழக்கம் அவருக்கு மிகுதியாயிருந்தது. கல்லீரல் நோய் முற்றி, 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்டும் தேறாது, நவம்பர் 18-ஆம் நாள் இஸ்தான்புல் நகரில் ஐம்பதாம் வயதிற் காலமானார். அவருடைய பழைய ஆசிரியர் அபாஜியெவும் அவ்வாண்டிலேயே இறந்தவர். எதிர்னேகாப்பி என்னுமிடத்திலுள்ள வீரர் கல்லறையில் நயீமை அடக்கம் செய்தனர். கிரேக்க நாட்டினின்று லியோனிதிஸ் வந்து அச்சடங்கிற் கலந்துகொண்டார்.